தலையணை கேட்ட பிதாமகர்

பாரதப் போரின் பத்தாம் நாளில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் சாய்ந்தார். உடலெங்கும் தைத்த அம்புகள் அவரைத் தாங்கி நின்றன. தலை மட்டும் தாங்கலின்றித் தொங்கியது. தலையணை வேண்டும் என்றார். சூழ நின்ற அரசர்கள் மென்மையான, விலையுயர்ந்த தலையணைகளைக் கொண்டுவந்து குவித்தனர். பிதாமகர் ஒன்றையும் ஏற்கவில்லை. வீரனின் படுக்கைக்கு இவை பொருந்தா என்று கூறி, அர்ச்சுனனை நோக்கினார். அவர் மனம் அறிந்த பேரன் வில்லை வளைத்துத் தலைக்குக் கீழே அம்புகளை நட்டுத் தாங்கல் அமைத்தான். பின்னர் தாகம் என்றபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. உணவு வகைகளும் குளிர்ந்த நீர்க்குடங்களும் விரைந்து வந்தன. அவற்றை விலக்கிய பிதாமகர், அர்ச்சுனன் அம்பெய்து நிலத்திலிருந்து எழுப்பிய நீரைப் பருகி நிறைவடைந்தார்.

அரசர்கள் அன்பற்றவர்கள் அல்லர். அவர்கள் கொண்டுவந்தவையும் தாழ்ந்த பொருள்கள் அல்ல. ஆயினும் முதியவருக்கு எது தேவை என்பதை அவர்களே தீர்மானித்துக்கொண்டனர். படுத்திருப்பவர் யார், அவர் வாழ்ந்த வாழ்வு எத்தகையது என்பதை நினைவில் வைத்திருந்தவன் அர்ச்சுனன் ஒருவனே. இன்றைய முதியோர் இல்லங்களின் வாசலில் நின்று இக்காட்சியை எண்ணிப் பார்த்தால், அரசர்களின் கூட்டம் பெரிதாகவும் அர்ச்சுனர்களின் எண்ணிக்கை சிறிதாகவும் இருப்பது புலப்படும்.

அன்னதானப் பலகை

பெரும்பாலான இல்லங்களின் அலுவலக அறையில் ஒரு நாட்காட்டியோ பலகையோ தொங்கும். அன்னதானத்திற்குப் பதிவான நாள்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் பிறந்தநாள், பெற்றோரின் திதி, திருமண நாள் என ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் நல்லெண்ணம் நிற்கிறது. மகாளய அமாவாசை போன்ற நாள்களில் ஒரே வேளைக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் வந்து நிற்பதும் உண்டு. வடையும் பாயசமும் இலையில் விழுகின்றன. நீரிழிவு உள்ளவர் பாயசத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். படம் எடுக்கப்படுகிறது. வந்தவர்கள் வணங்கி ஆசி பெற்று விடைபெறுகிறார்கள். பிற்பகல் 2 மணிக்குக் கூடம் மீண்டும் அமைதியாகிறது. தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

அன்னதானம் பெரும்புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாளுக்கு மூன்று வேளை உணவு தவறாத இல்லத்தில் வாழ்பவருக்கு நான்காவது வேளை பசி வேறு வகையானது. காலை எழுந்ததும் இன்று செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்னும் எண்ணம். மாலையில் தன் பெயர் சொல்லி அழைத்துத் தன்னோடு பேச ஒருவர் வருவார் என்னும் எதிர்பார்ப்பு. தன்னாலும் பிறருக்கு ஒரு பயன் உண்டு என்னும் நிறைவு. இவை இல்லாத முதுமை, உணவும் மருந்தும் குறைவின்றிக் கிடைத்தாலும் வாடிவிடும். இல்லத்தில் வாழ்வோர் நெடுநாள் வாங்கிக்கொள்பவராக மட்டுமே இருத்தப்படுகின்றனர். அவர்கள் கொடுப்பதற்கு வழி செய்வதே அவர்களுக்குச் செய்யத்தக்க மேலான தொண்டு.

இது வெறும் உணர்ச்சி வாதம் அன்று. சட்டமே ஒப்பிய கருத்து. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலன் குறித்து 2007-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மூத்த குடிமக்களின் 'நலன்' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில் உணவையும் மருத்துவத்தையும் அடுத்துப் பொழுதுபோக்கு மையங்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. முதியோர் இல்லங்களுக்கு மாநில அரசு வகுக்கும் திட்டத்திலும் மருத்துவ வசதியோடு மனமகிழ்வுக்கான வழிகளும் இடம்பெற வேண்டும் என்பது அதன் 19-ஆம் பிரிவின் கருத்து. சோறு, மருந்து, மனமகிழ்ச்சி ஆகிய மூன்றும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

ஒரு செடியும் நூறு கிளிகளும்

முதியோர் இல்லங்கள் இங்கு பெருகுவதற்கு முன்பே மேலைநாடுகளில் பெருகின. ஆகையால் அவற்றின் குறைகளையும் அந்நாட்டவரே முதலில் கண்டனர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்னும் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வு 1976-இல் வெளியாயிற்று. ஒரு தளத்தில் இருந்த முதியவர்களிடம், அறையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்று சொல்லப்பட்டது. திரைப்படம் பார்க்கும் நாளையும் அவர்களே தெரிவு செய்தனர். விரும்பிய செடியொன்றைத் தேர்ந்தெடுத்து அவர்களே நீர் ஊற்றி வளர்த்தனர். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி தரப்பட்டது. ஆனால் நீர் ஊற்றும் பொறுப்பு செவிலியருடையது. உணவும் மருத்துவமும் இரு தளங்களுக்கும் ஒன்றே. மூன்று வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, தாமே முடிவெடுத்த தளத்தினர் அதிக மகிழ்ச்சியும் விழிப்பும் சுறுசுறுப்பும் உடையவர்களாக இருந்தனர். வேறுபாடு செடியில் இல்லை. நீர் ஊற்றும் கையில் இருந்தது.

1991-இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்னும் சிற்றூரில், சேஸ் நினைவு இல்லத்தின் மருத்துவராகப் பொறுப்பேற்ற பில் தாமஸ் என்பவர், அங்கு வாழ்வோரை வாட்டுபவை மூன்று என்று கண்டார். தனிமை ஒன்று. செய்வதற்கு ஏதுமற்ற சலிப்பு ஒன்று. தன்னால் யாருக்கும் பயனில்லை என்னும் இயலாமை ஒன்று. மூன்றுக்கும் மருந்துக் கடையில் மாத்திரை இல்லை. அவர் இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு சிறு கிளிகளையும் இல்லத்திற்குள் கொண்டுவந்தார். அறைதோறும் செடிகள் வந்தன; தோட்டம் எழுந்தது; பணியாளர்களின் குழந்தைகள் அங்கேயே விளையாடினர். கூண்டுகள் வந்து சேருமுன் கிளிகள் வந்துவிட, ஓர் அறைக்குள் அவை அனைத்தும் பறந்து திரிந்த கூத்தைக் கண்டு முதியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்களாம். பேசாதிருந்தவர்கள் பேசத் தொடங்கினர். எழாதிருந்தவர்கள் நாயை உலவ அழைத்துச் செல்ல முன்வந்தனர். ஈராண்டுகளில், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றோர் இல்லத்தைவிட அங்கு ஒருவருக்குத் தேவைப்பட்ட மருந்துகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மருத்துவர் அதுல் கவாண்டே 2014-இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார்.

நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமானிடாஸ் என்னும் இல்லம் 2012 முதல் கல்லூரி மாணவர் சிலருக்கு வாடகையின்றி அறை தருகிறது. மாதம் 30 மணி நேரம் முதியவர்களுக்கு நல்ல அண்டை வீட்டாராக இருப்பதே அதற்கு ஈடு. மாணவர் வெளியுலகச் செய்தியோடு மாலையில் திரும்புகிறார்; அதைக் கேட்க ஒருவர் விழித்திருக்கிறார். இது மருத்துவம் அன்று. ஆனால் இதில் நோய் தீர்க்கும் ஒன்று இருக்கிறது.

உழவாரப்படை ஏந்திய முதுமை

இவ்வுண்மை சைவ, வைணவ மரபுகளுக்குப் புதிதன்று. திருநாவுக்கரசர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. இறுதிக்காலத்தில் திருப்புகலூரில் அவர் ஓய்ந்து அமர்ந்திருக்கவில்லை. உழவாரப்படையைக் கையில் ஏந்தித் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அப்பணியின்போது பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்துக் குளத்தில் எறிந்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. முதுமைக்கு அவர் வேண்டியது பொன் அன்று, பணி.

இல்லத்தில் வாழும் எல்லோராலும் புல் செதுக்க இயலாது. ஆனால் கோயிலைச் சுற்றி அமர்ந்தபடியே செய்யத்தக்க பணிகள் எத்தனையோ உண்டு. அருகிலுள்ள கோயிலின் முறைக்கு இசையுமாயின், பிற்பகலில் உதிரிப் பூவும் வாழைநாரும் இல்லத்திற்கு வந்து சேரலாம். சாயரட்சைக்குள் மாலை போய்ச் சேர வேண்டும் என்னும் கெடு, நீண்ட பிற்பகலுக்கு ஒரு பொருளைத் தந்துவிடும். விரல்கள் பூத்தொடுக்கும் பழக்கத்தை எளிதில் மறப்பதில்லை. அன்று மாலை தாம் தொடுத்த மாலையை இறைவன் அணிந்திருக்கிறான் என்று அறிவதைவிட ஒரு மூதாட்டிக்கு வேறென்ன விருது வேண்டும்? பஞ்சு திரித்தல், துளசி ஆய்தல், கார்த்திகைக்கு அகல்களைத் துடைத்து அடுக்குதல் ஆகியவையும் அத்தகையவையே.

மார்கழியின் 30 நாள்களுக்குத் திருப்பாவையின் 30 பாசுரங்கள் இருக்கின்றன. ஒரு நாள் ஒருவர் என்று பங்கிட்டு, அன்றைய பாசுரத்தை அவர் பாடவோ படிக்கவோ பொருள் கூறவோ செய்தால், தமக்குரிய நாளுக்காக ஒவ்வொருவரும் ஆயத்தம் செய்வார்கள். நவராத்திரியில் பணியாளர்கள் அமைத்த கொலுவை முதியவர்கள் வந்து பார்த்துச் செல்வது ஒருவகை. எந்தப் படியில் எந்தப் பொம்மை என்று முதியவர்களே வாதிட்டு அமைப்பது வேறுவகை. அந்த வாதம்தான் விழா.

பக்தி சார்ந்தவை மட்டுமே செயல்கள் அல்ல. பதினான்கு குழிப் பல்லாங்குழியும் ஒரு பிடிப் புளியங்கொட்டையும் விரலுக்கும் எண்ணிக்கைக்கும் ஒருங்கே பயிற்சி தரும். தாயமும் ஆடுபுலி ஆட்டமும் எதிரில் ஒருவரை அமர வைக்கும். அதுவே அவற்றின் பெரும்பயன். கோடை வெயிலில் வடாம் பிழிவதற்கு முதியவரின் பக்குவம் வேண்டும். நாற்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் அடுப்படியை ஆண்டவரிடம், குழம்பில் உப்புச் சரியா என்று கேட்பதற்குக்கூட ஒருவரும் இல்லாமல் போவது சிறிய இழப்பன்று. வாரத்தில் ஒரு நாளேனும் அன்றைய உணவு என்ன என்பதை இல்லத்தவரே கூடி முடிவு செய்யலாம். கணக்கு எழுதிப் பழகியவர் அன்னதானக் கணக்கை எழுதலாம். ஆசிரியராக இருந்தவர், பணியாளரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். தையல் அறிந்தவர் பொத்தான் தைத்துத் தரலாம்.

விருப்பமும் விலகலும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. செயல்கள் பெருகும்போது கட்டாயமும் பெருகக்கூடும். எல்லோரையும் வரிசையாக நாற்காலியில் அமர்த்தி, ஒலிபெருக்கியை வைத்து இரண்டு மணி நேரம் நிகழ்ச்சி நடத்துவது பார்க்க நிறைவாக இருக்கும். செவிப்புலன் குன்றியவருக்கு அது வெறும் இரைச்சல். ஐம்பது பேர் கூடிய அரங்கைவிட ஐந்து பேர் வட்டமாக அமர்ந்த உரையாடல் அவருக்கு எட்டும். பஜனையில் விருப்பமில்லாதவர் இருப்பார். வேறு சமயத்தவர் இருப்பார். நாளிதழோடு தனித்திருக்க விரும்புபவர் இருப்பார். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் வருகிறேன் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. கணவரை இழந்த மூதாட்டியர், அழைக்கப்பட்டாலும் மங்கல நிகழ்ச்சிகளில் தாமாகவே பின்வரிசைக்கு ஒதுங்கிவிடுகின்றனர். வாழ்நாள் முழுதும் பழகிப்போன ஒதுக்கம் அது. கொலுவிற்கு வந்த குடும்பத்தினர் தாம்பூலம் தரும்போது, தட்டு சிலரைத் தாண்டிச் சென்றுவிடுவதைக் காணலாம். இறைவியின் சந்நிதியில் தாயாருள் வேறுபாடு இல்லை. முதல் தட்டை அந்தப் பின்வரிசையிலிருந்து தொடங்குவது, பல நூறு பேருக்கு அளிக்கும் விருந்தினும் உயர்ந்த வழிபாடாகும்.

நினைவு மங்கியவர்களையும் ஒதுக்கலாகாது. பெற்ற பிள்ளையின் பெயரைத் தவறவிடுபவர்களுள் சிலர், இளமையில் மனனம் செய்த பாடலின் முதற்சொல்லை எடுத்துக்கொடுத்தால் அடுத்த அடியைத் தாமே தொடர்வார்கள். அந்தச் சில நிமிடங்களேனும் அவர்கள் தம் வீட்டிற்குத் திரும்பிவிடுகிறார்கள்.

தருமரின் தயக்கம்

பெற்றோரை இல்லத்தில் சேர்த்த பிள்ளைகள் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். வெளிநாட்டுப் பணி, நோய், இடமின்மை, தனியே வாழ இயலாத நிலை எனக் காரணங்கள் பல. சில வேளைகளில் முதியவரே விரும்பிச் சேர்வதும் உண்டு. எனினும் குற்ற உணர்ச்சி பிள்ளைகளை விடுவதில்லை. மாதப் பணம் தவறாமல் செல்லும். பழங்களும் இனிப்பும் செல்லும். ஆள் மட்டும் செல்லாது. சென்று அந்த முகத்தைப் பார்க்கும் துணிவு வருவதில்லை.

பாரதம் இதையும் அறிந்திருக்கிறது. போர் முடிந்தபின் தருமர் பீஷ்மரின் முன் செல்லக் கூசினார். பாட்டனார் அம்புப் படுக்கையில் கிடப்பதற்குத் தாமும் காரணம் என்னும் நாணம் அவரைத் தடுத்தது. கண்ணன் அவரை அழைத்துச் சென்றான். பீஷ்மரோ அவரைக் கடிந்துகொள்ளவில்லை; அஞ்சாமல் அருகில் வந்து கேள் என்றே கூறினார். அதற்கு முன் கண்ணன் பீஷ்மரின் உடல் வேதனையைத் தன் அருளால் நீக்கினான். முதலில் வலிக்கு மருந்து, அதன்பின் உரையாடல். பராமரிப்பின் முறையான வரிசை அதுவே. நீயே அனைத்தும் அறிந்தவனாயிற்றே, நீயே உபதேசிக்கலாகாதா என்று பீஷ்மர் கேட்டபோது, அவருடைய புகழ் உலகில் நிலைக்க வேண்டும் என்பதே தன் விருப்பம் என்றான் கண்ணன். அனைத்தும் அறிந்த பரம்பொருள், படுத்திருக்கும் முதியவர் பேசுவதற்காகத் தான் ஒதுங்கி நின்றான்.

தருமர் கேட்டார். அரச நீதியைக் கேட்டார்; இடர்க்காலத்து அறத்தைக் கேட்டார்; வீடுபேற்றைக் கேட்டார். அனுசாசன பர்வத்தில் அவர் கேட்ட கேள்விகளுக்கு விடையாக மலர்ந்ததே விஷ்ணு சகஸ்ரநாமம். இன்று இல்லந்தோறும் ஒலிக்கும் அந்த ஆயிரம் நாமங்கள், எழ இயலாத ஒரு முதியவரின் அருகே அமர்ந்து பேரன் ஒருவன் கேட்டதனால் உலகிற்குக் கிடைத்தவை. கேட்காமல் பழக்கூடையை வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் அவை கிடைத்திரா.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

இல்லத்திற்குச் செல்லும் குடும்பம், ஆண்டில் ஒரு நாளைப் பதிவு செய்வதைவிட மாதத்தில் ஒரு மாலையைப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய், மாலை 4 மணி என்று வரையறுத்துவிட்டால், அந்த நாளை எதிர்நோக்கி ஒருவர் காத்திருப்பார். ஐம்பது பேருக்கு ஒரு நாள் வணக்கம் சொல்வதைவிட ஒருவரிடம் பன்னிரண்டு முறை பேசுவது உறவாகும். குழந்தைகளை நடனமாட மட்டும் அழைத்துச் செல்ல வேண்டா. ஒரு சுலோகமோ ஒரு சமையல் பக்குவமோ ஓர் ஊரின் பழங்கதையோ கற்றுவர அழைத்துச் செல்லலாம். கற்ற குழந்தை அடுத்த மாதம் ஒப்பிக்கும்போது, கற்பித்தவர் மீண்டும் ஆசிரியராவார்.

கோயில் நிர்வாகத்தினர், கூட்டமில்லாத வேளையில் சக்கர நாற்காலியில் வருவோருக்குச் சாய்தளமும் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்துத் தரலாம். உற்சவர் வீதியுலா வருவதே சந்நிதிக்கு வர இயலாதவருக்கும் காட்சி தருவதற்காக என்பர் பெரியோர். இல்லம் இருக்கும் வீதியில் உலா செல்லுமாயின், அதன் வாசலில் சில நிமிடங்கள் நின்று தீபாராதனை காட்டச் செய்வது அரிய செயலன்று.

பெற்றோருக்காக இல்லம் தேடுவோர் அறையின் அளவையும் உணவுப் பட்டியலையும் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. பிற்பகல் 4 மணிக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று கூடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். யார் யாரோடு பேசுகிறார்கள்? கையில் ஏதேனும் வேலை இருக்கிறதா? கடைசியாக எப்போது வெளியே சென்றார்கள்? தொலைக்காட்சியில் ஓடும் நிகழ்ச்சியைத் தெரிவு செய்தவர் யார்? விடைகள் அங்கேயே கிடைத்துவிடும்.

மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் வங்கியில் உயிர்வாழ்ச் சான்று அளிக்கின்றனர். ஒரு கையொப்பமோ கைரேகையோ போதும். அவர் உயிரோடிருக்கிறார் என்பது உறுதியாகி, ஓய்வூதியம் தொடரும். வங்கி கேட்பது அவ்வளவே. அதற்கு மேல் கேட்பது அதன் வேலையும் அன்று. அவர் உயிரோடிருப்பதோடு வாழவும் செய்கிறாரா என்று கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகளும் பேரர்களும் அண்டை அயலாரும். அச்சான்றை ஆண்டுக்கு ஒருமுறை பெற்றால் போதாது. மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதில், அவரருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து பெற வேண்டும். அந்த நாற்காலியில் அமர வருவோருக்கு எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பானாக.